மேரி டைலர் மூர் ஷோ: கடைசியில் மேரிக்குக் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவார்களா?

வடகடல் (தங்கச்சிமடம்) எழுதியது:

பழைய அமெரிக்கத் தொடர்கள் பார்க்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். தம்பி சவுதியிலிருந்து லீவில் வந்தபோது 'மேரி டைலர் மூர் ஷோ' டிவிடி பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தான், ஏழு சீசனும் இருக்கிறது. முதல் சீசனை முடித்துவிட்டேன். ரொம்பப் பிடித்துவிட்டது, பிடித்துவிட்டதால்தான் பயமாக இருக்கிறது. ஏனென்றால் நான் பார்த்த தமிழ்த் தொடர்களில் தனியாக நிமிர்ந்து நிற்கிற பெண் யாராக இருந்தாலும், கதையை இழுத்து இழுத்துக் கடைசியில் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தி, அதுவரை அவள் செய்ததெல்லாம் அவன் வருகிறவரைக்கும் பொழுதைப் போக்கியது என்று ஆக்கிவிடுகிறார்கள். இதுவும் அப்படித்தான் முடியும் என்றால் இப்போதே நிறுத்திவிடுகிறேன். முடிவைச் சொன்னால் பரவாயில்லை, எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேரி ரிச்சர்ட்ஸுக்கு முப்பது வயது. டாக்டருக்குப் படிக்கிற ஒருவனுக்காகக் காத்திருந்து, அவன் கல்யாணப் பேச்சையே எடுக்காததால் போதும் என்று கிளம்பி மினியாபொலிஸ் நகரத்துக்கு வருகிறாள். டபிள்யூஜேஎம் என்ற சின்ன டிவி நிலையத்தில் செக்ரட்டரி வேலை கேட்டுப் போகிறாள். செய்திப் பிரிவின் தலைவர் லூ கிராண்ட் பேட்டி எடுக்கிறார், வயதைக் கேட்ட கையோடு உன் மதம் என்ன என்கிறார். வேலைக்கு வருகிறவரிடம் அதைக் கேட்கக் கூடாது, சட்டப்படி தப்பு என்று மேரி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். போலீஸைக் கூப்பிடப் போகிறாயா என்கிறார். இல்லை என்கிறாள். சரி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று அடுத்த கேள்வி. அதற்கு அவள் சொல்லும் பதில் "பிரஸ்பிட்டேரியன்". அது ஒரு கிறிஸ்தவப் பிரிவின் பெயர். கல்யாணக் கேள்வியை விட மதக் கேள்விக்குப் பதில் சொல்வதே மேல் என்று அந்த நொடியில் அவள் முடிவெடுப்பது முகத்திலேயே தெரிகிறது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நான் மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கும் மேற்பார்வையும் பார்க்கிறேன். 32 வயது, கல்யாணம் ஆகவில்லை, இப்போதைக்கு எண்ணமும் இல்லை. சேர்ந்தபோது என்னிடம் கேட்ட கேள்வியில் டேலி தெரியுமா என்பது ஒன்றுதான் வேலையைப் பற்றியது. மற்றதெல்லாம் கல்யாணம் எப்போது, ஆனபிறகு வருவாயா, மாப்பிள்ளை உள்ளூரா வெளியூரா.

இன்னொன்று. அம்மாவையும் உட்காரவைத்துப் பார்க்கலாமா? அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வருவேன். சங்கடமான காட்சி ஏதாவது வருமா என்று மட்டும் சொல்லுங்கள்.


தொண்டிக்காரன் எழுதியது:

பயப்படாமல் பாருங்கள் தங்கச்சி. கல்யாணம் கிடையாது. 1970 செப்டம்பர் 19-ல் தொடங்கி 1977 மார்ச் 19-ல் முடிந்தது, மொத்தம் 168 எபிசோடு, கடைசி எபிசோடு முடியும்போதும் மேரி கல்யாணமாகாதவள்தான். அதுவும் யாரும் கிடைக்காமல் போனாள் என்ற பரிதாபமாக அதைக் காட்டவே இல்லை. வேலை போகிறது, நண்பர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புகிறாள். அவ்வளவுதான். புதிதாக வந்த மேலதிகாரி செய்திப் பிரிவில் எல்லோரையும் வேலையை விட்டு நீக்கிவிட்டு, செய்தி வாசிக்கவே தெரியாத டெட் பாக்ஸ்டரை மட்டும் வைத்துக்கொள்வதுதான் அந்த எபிசோடின் கதை. மிச்சத்தை நீங்களே பாருங்கள்.

உங்களுக்கு வந்த சந்தேகம் அன்றைக்குத் தொடரை எழுதியவர்களுக்கே வந்திருக்கிறது. ஜேம்ஸ் எல். புரூக்ஸும் ஆலன் பர்ன்ஸும் முதலில் மேரியை விவாகரத்தானவளாகத்தான் எழுதினார்கள். தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் சேனல் ஒத்துக்கொள்ளவில்லை. மேரி டைலர் மூர் அதற்கு முன்னால் 'டிக் வான் டைக் ஷோ'வில் டிக் வான் டைக்குக்கு மனைவியாக ஐந்து வருஷம் நடித்தவர், இப்போது விவாகரத்தானவளாக வந்தால் டிக் வான் டைக்கையே விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்றுகூடப் பேசியிருக்கிறார்கள். அதனால் முறிந்துபோன காதல் என்று மாற்றினார்கள். மாற்றியதும் நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம், ஏனென்றால் அந்த டாக்டர் முதல் எபிசோடின் கடைசியில் பூங்கொத்தோடு வருவான் இல்லையா, உன்னை நன்றாகப் பார்த்துக்கொள் என்று அவன் சொல்ல, இப்போது அதைத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன் என்று அவள் சொல்லி அனுப்புகிற இடம் வேறு எப்படியும் வந்திருக்காது.

லூவுக்கும் மேரிக்கும் ஏதாவது பண்ணிவிடுவார்களோ என்றும் உங்களுக்குத் தோன்றும், ஏழு வருஷம் பார்த்த அமெரிக்கர்களுக்கே தோன்றியிருக்கிறது. அதற்கும் ஒரு எபிசோடு வைத்தார்கள், கடைசிக்கு முந்தைய வாரம். இருவரும் சும்மா ஒரு நாள் சாப்பிடச் சேர்ந்து உட்காருகிறார்கள், முத்தம் கொடுக்க நெருங்கி, கொடுத்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அத்தோடு அந்தப் பேச்சை மூடிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக அவள் தோழி ரோடாவுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். 1974 செப்டம்பரில் ரோடாவுக்குத் தனித் தொடர் கொடுத்தார்கள், எட்டாவது வாரமே கல்யாணம், நாடே உட்கார்ந்து பார்த்தது. கல்யாணம் ஆனபிறகு எழுத விஷயமில்லாமல் திணறி, மூன்றாவது சீசனில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துவைத்தார்கள். இரண்டும் ஒரே கம்பெனித் தயாரிப்பு, எம்டிஎம். மேரி டைலர் மூரும் அப்போதைய கணவர் கிராண்ட் டிங்கரும் சேர்ந்து தொடங்கியது.

தொடக்கத்தில் வருகிற பாட்டையும் கவனியுங்கள். இப்போது நீங்கள் கேட்டது, தனியாக எப்படிச் சமாளிக்கப் போகிறாய் என்று அவளைப் பார்த்துக் கேட்கிற பாட்டு. ஒருவேளை சமாளித்துவிடுவாய் என்று இழுத்துத்தான் முடியும். இரண்டாவது சீசனில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள், முடிவும் நீ சமாளித்துவிடுவாய் என்று உறுதியாக மாறிவிடும். பாடியவர் சன்னி கர்ட்டிஸ். அந்தப் பாட்டில் மேரி தொப்பியைத் தூக்கி எறிகிற காட்சி மினியாபொலிஸில் நிக்கலெட் மால் என்ற கடைவீதியில் எடுத்தது, அங்கே 2002-ல் மேரி டைலர் மூருக்குச் சிலையே வைத்தார்கள்.


கீழக்கரை லாத்தா எழுதியது:

தங்கச்சி, அம்மாவோடு தாராளமாகப் பார்க்கலாம். மேரி பலரோடு வெளியே சாப்பிடப் போவாள், அதைச் சகஜமாகக் காட்டுவார்கள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. மூன்றாவது சீசனில் ஒரே ஒரு வசனம். மேரியின் அப்பாவும் அம்மாவும் வந்திருப்பார்கள், அம்மா கிளம்பும்போது மாத்திரை போட மறந்துவிடாதே என்று அப்பாவைப் பார்த்துச் சொல்வாள், அப்பாவும் மேரியும் ஒரே நேரத்தில் சரி என்பார்கள். 1972-ல் கல்யாணமாகாத பெண் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள் என்று டிவியில் சொல்ல அவர்கள் கண்டுபிடித்த வழி அது. அதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம், விருப்பமிருந்தால் சொல்லவும் செய்யலாம், உன் அம்மா உன்னைவிட உலகம் தெரிந்தவராக இருப்பார்.

நான் ஊரில் பெண்கள் கல்லூரி வருவதற்கு முன்னால் வெளியூர் போய்ப் படித்தவள். வாப்பா அனுப்பினார், உம்மா அழுதார். வாத்தியார் வேலையில் இருந்து ரிட்டையர் ஆகிவிட்டேன், நிக்காஹ் செய்துகொள்ளவில்லை. அதனால் இந்தத் தொடரைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மூன்றாவது சீசனின் முதல் எபிசோடை எப்படியும் பார்த்துவிடு. தனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவனுக்கு வாரத்துக்கு 50 டாலர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது மேரிக்குத் தெரியவருகிறது. நேராக லூவிடம் போய் ஏன் என்று கேட்கிறாள். அவன் ஆம்பளை என்கிறார், மழை வந்தது என்று சொல்கிற குரலில். உன் வேலையில் குறையில்லை, அவனுக்குக் குடும்பம் இருந்தது, உனக்கு இல்லை என்கிறார். மேரி ஒரு நிமிஷம் அடங்கிவிடுகிறாள், அவளுக்கே அது நியாயமாகப் படுகிறது, வெளியே போய்விடுகிறாள். அப்புறம் யோசித்துத் திரும்பி வருகிறாள். அப்படியென்றால் இரண்டு பிள்ளை உள்ளவனைவிட மூன்று பிள்ளை உள்ளவனுக்குக் கூடக் கொடுக்க வேண்டும், கல்யாணம் ஆகாதவனுக்கு எல்லோரையும்விடக் குறைவாகக் கொடுக்க வேண்டும், நீங்கள் அப்படிச் செய்வதில்லையே என்கிறாள். இத்தனைக்கும் அவர்கள் நாட்டில் சம ஊதியச் சட்டம் 1963-லேயே வந்துவிட்டது. நமக்கு 1976-ல் வந்தது.

எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது அவள் திரும்பி வருவது. வெளியே போனபிறகுதான் சரியான பதில் தோன்றும், நம் எல்லோருக்கும் அப்படித்தான், தோன்றியபிறகு மறுபடி அந்தக் கதவைத் தட்டுகிற ஆள்தான் குறைவு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே காலத்தில், 1974-ல், நம் பக்கம் கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' வந்தது. சுஜாதா நடித்த கவிதாவும் வேலைக்குப் போகிற, கல்யாணமாகாத பெண்தான். எத்தனை கூர்மையான பெண், அந்தப் படத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவள் சம்பாதிப்பதெல்லாம் வீட்டில் இருக்கிற அத்தனை வாய்க்கும், அவள் தனியாக நிற்பதற்கு அந்தக் குடும்பம்தான் காரணம். தியாகம் என்ற பெயர் இல்லாமல் ஒரு பெண் தனியாக இருக்கலாம் என்று நான் பார்த்தது மேரியிடம்தான். அவள் யாருக்காகவும் தனியாக இல்லை. அவளுக்கு அது ஒத்துப்போகிறது, இருக்கிறாள்.


பாசிக்காரி மகள் (சின்னப்பாலம், பாம்பன்) எழுதியது:

எல்லோரும் இவ்வளவு உருகுவதைப் பார்த்து நானும் முன்பு பார்த்த சில எபிசோடுகளை நினைத்துப் பார்த்தேன், எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பாசி எடுக்கிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் செருப்போடு தென்கடலில் தீவுப் பக்கம் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டின பையில் போட்டு எடுத்துவருவார். கரைக்கு வந்து துணியை அவிழ்த்தால் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், அங்கங்கே கீறியிருக்கும், அந்தக் கையோடுதான் உலை வைப்பார். எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகச் செய்கிற வேலை இது. எங்கள் ஊர் லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் தீவுகளின் சுற்றுச்சூழலைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருதே கிடைத்தது, பாசி எடுக்கிற பெண்களுக்காக நின்றதற்கு. நண்டு கம்பெனியில் சதை எடுக்கிற பெண்கள், கருவாடு காயப்போட்டுச் சந்தைக்குக் கூடை தூக்குகிற பெண்கள், இவர்கள் யாரும் சம்பாதிப்பதற்கு 1970 வரை காத்திருக்கவில்லை. சூடான அலுவலகத்தில் உட்கார்ந்து, அழகான கோட்டு போட்டு, முதலாளியைப் பார்த்தால் குரல் நடுங்குகிற ஒரு பெண்ணைச் சுதந்திரமான பெண் என்று சொல்லும்போது எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வருகிறது.

அதோடு அந்த அலுவலகத்தில் ஒரே ஒரு கறுப்பினத்தவர்தான், வானிலை சொல்கிற கார்டி, ஜான் ஏமோஸ் நடித்தது. அவரும் பாதியில் போய்விடுகிறார். அவர் இருந்தவரைக்கும் அவருக்கென்று கதை கொடுத்ததே குறைவு. பெண்ணுக்கு இடம் கேட்ட தொடர் அந்த இடத்தை யாருக்கு மட்டும் கேட்டது என்றும் பார்க்கவேண்டும்.


வடகடல் எழுதியது:

அண்ணே, லாத்தா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கல்யாணம் இல்லை என்று தெரிந்ததும் நேற்று ராத்திரியே இரண்டாவது சீசனைத் தொடங்கிவிட்டேன்.

சம்பளக் காட்சி என்று சொன்னதால் அந்த எபிசோடை மட்டும் முன்னால் தாவிப் பார்த்தேன். லாத்தா, எனக்குக் கை நடுங்கிவிட்டது. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் வாங்கினது எனக்குத் தெரியும், கணக்குப் புத்தகமே என் கையில்தானே இருக்கிறது. நானும் ஒருமுறை கேட்டேன். அவர் குடும்பஸ்தர் அம்மா என்று அதே வார்த்தைதான் வந்தது. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவுக்கு மாத்திரை மருந்து, தங்கையின் படிப்பு என்று என் சம்பளத்திலும் ஒரு குடும்பம் நடக்கிறது, அதுகூட அப்போது வாயில் வரவில்லை. ஆனால் மேரி சொல்கிற பதில் அதைவிட நல்ல பதில் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று சொன்னால் குடும்பத்தைப் பார்த்துத்தான் சம்பளம் என்பதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போனதும் கம்பெனியில் வேலை ஏறும், அப்போது மறுபடி கேட்கப் போகிறேன்.

பாசிக்காரி மகளுக்கு: உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் பாட்டியும் கருவாட்டுக் கூடை தூக்கியவர்தான். சம்பாதிப்பது நம் கரையில் புதிதில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பாட்டி கூடையை இறக்கி வைத்ததும் காசை எண்ணித் தாத்தா கையில் கொடுத்துவிடுவார், அதில் தனக்கென்று ஒரு புடவை எடுக்கவும் கேட்டுத்தான் எடுப்பார். யாரைக் கட்டுவது, எங்கே இருப்பது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவது எதையும் பாட்டி முடிவு செய்ததில்லை. மேரியிடம் நான் பார்த்துப் பார்த்து ஆசைப்படுவது அவள் வேலையை இல்லை, அந்த அறையைத்தான். சுவரில் தன் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறாள் பாருங்கள். சாவி அவள் பையில் இருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே யாரும் ஏன் நேரமாயிற்று என்று கேட்பதற்கு இல்லை.


பாசிக்காரி மகள் எழுதியது:

சாவி விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன் அக்கா, எனக்கே அது தெரியும். நான் ராமநாதபுரத்தில் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி முடித்துப் பாலம் தாண்டிப் பஸ்ஸில் வருவது கஷ்டமாக இருக்கிறதென்று டவுனில் ஒரு அறை தேடினேன். வாடகை கொடுக்க முடியும், அட்வான்ஸும் கையில் இருந்தது. போன இடமெல்லாம் கூட யார் இருப்பார்கள் என்ற ஒரே கேள்வி. யாரும் இல்லை, நான் மட்டும் என்றால் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும், மாடியில் ஆள் வந்துவிட்டார்கள், போன வாரமே பேசிவிட்டோம் என்பார்கள். ஒரு வீட்டில் அம்மாவும் வந்து இருந்தால் தருகிறோம் என்றார்கள். அம்மா வந்துவிட்டால் கடலுக்கு யார் போவது? இப்போதும் பஸ்தான்.

கார்டி விஷயத்தில் மட்டும் நான் சொன்னதிலிருந்து இறங்கமாட்டேன்.


தேவிபட்டினம் தம்பி எழுதியது:

நான் இந்தத் தொடரைப் பார்த்ததில்லை, இதைப் படித்தபிறகு பார்க்கலாம் என்று இருக்கிறது. ஒரு சந்தேகம். இது முழுக்கப் பெண்களுக்கான தொடரா? ஆண்களை மட்டமாகக் காட்டுவார்களா? அப்புறம் சிரிப்பு வருமா, இல்லை எல்லாம் பாடமாகப் போகுமா?


தொண்டிக்காரன் எழுதியது:

தம்பி, வயிறு வலிக்கச் சிரிப்பாய். இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில் அதைச் சொல்லவே இல்லை பார். எம்மி என்கிற அமெரிக்க டிவி விருதை 29 வாங்கின நகைச்சுவைத் தொடர் அது, அந்தச் சாதனை ரொம்ப வருஷம் அப்படியே நின்றது.

ஆறாவது சீசனில் 'சக்கிள்ஸ் பைட்ஸ் த டஸ்ட்' என்று ஒரு எபிசோடு, 1975 அக்டோபரில் வந்தது. நிலையத்தில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துகிற கோமாளி சக்கிள்ஸ், ஊர்வலத்தில் வேர்க்கடலை வேஷம் போட்டுப் போகும்போது ஒரு யானை நிஜக் கடலை என்று நினைத்து உரிக்கப் பார்த்ததில் செத்துப்போகிறார். அலுவலகத்தில் ஒவ்வொருவராக ஜோக் அடித்து அடக்கமுடியாமல் சிரிக்கிறார்கள். மேரி மட்டும் ஒரு மனுஷன் செத்திருக்கிறான், வெட்கமாக இல்லையா என்று எல்லோரையும் திட்டுகிறாள். அடக்க ஆராதனையில் மற்றவர்களெல்லாம் அமைதியாக உட்கார்ந்திருக்க, பாதிரியார் அந்தக் கோமாளியின் பாத்திரங்களை ஒவ்வொன்றாக உருக்கமாகச் சொல்லச் சொல்ல, மேரிக்குச் சிரிப்பு பீறிட்டு வருகிறது. வாயைப் பொத்துகிறாள், இருமுகிறாள், குனிகிறாள், முடியவில்லை. பாதிரியார் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, சிரியம்மா, மற்றவர்களைச் சிரிக்கவைப்பதற்காகவே வாழ்ந்த மனுஷன் அவர், உன் சிரிப்பு அவருக்குப் பிடிக்கும் என்கிறார். அந்த நொடியில் அவள் தேம்பி அழ ஆரம்பிக்கிறாள். துக்க வீட்டில் சிரிப்பை அடக்கிய அனுபவம் இல்லாத ஆள் உண்டா? எழுதிய டேவிட் லாய்டுக்கு எம்மி கிடைத்தது, இயக்கியவர் ஜோன் டார்லிங் என்ற பெண். முடிந்தால் நாலு பேரோடு உட்கார்ந்து அதைப் பார்.

ஆண்களை மட்டம் தட்டுகிறதா என்றால், எழுதுகிற வேலை பார்க்கிற மர்ரே தங்கமான மனுஷன். டெட் பாக்ஸ்டர் முட்டாள்தான், ஆனால் அவரையும் யாரும் வெறுக்கமாட்டார்கள். லூ கிராண்ட் முதல் நாள் மேரியைப் பார்த்து உனக்குத் துணிச்சல் இருக்கிறது என்று பாராட்டுகிற மாதிரி ஆரம்பித்து, துணிச்சல் எனக்குப் பிடிக்காது என்று உறுமுகிற ஆள். நாலாவது சீசனில் அவர் மனைவி அவரை விட்டுப் பிரிந்து போவார், தன் வாழ்க்கையைத் தான் பார்க்கவேண்டும் என்று. அவ்வளவு முரட்டு ஆள் அப்போது உடைந்துபோவதை எட் ஆஸ்னர் நடித்ததைப் பார்த்தால் ஆண்களை மட்டமாகக் காட்டினார்கள் என்று சொல்லவே மாட்டாய். அந்தக் கதையை எழுதியதும் ஒரு பெண், டிரேவா சில்வர்மன், அவருக்கும் அதற்காக எம்மி.


கீழக்கரை லாத்தா எழுதியது:

பாசிக்காரி மகளே, நீ சொன்ன குரல் நடுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் லூ என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மேரி மட்டும் ஏழு வருஷமும் மிஸ்டர் கிராண்ட் என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் பாதி நேரம் உதறலோடு. உனக்கு அது பலவீனமாகப் படுகிறது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் தலைமை ஆசிரியர்கள் முன்னால் நின்று பேசியவள், எனக்கும் கடைசிவரை நாக்கு உலர்ந்துதான் போகும், இருந்தும் கேட்கவேண்டியதைக் கேட்டேன். ஐந்தாவது சீசன் முதல் எபிசோடில் செய்தி கொடுத்தவர் பெயரைச் சொல்லமாட்டேன் என்று நீதிபதியிடம் மறுத்துவிட்டு அவள் ஜெயிலுக்கே போவாள், போகும்போதும் பயந்து நடுங்கிக்கொண்டேதான் போவாள். குரல் நடுங்காத நாயகிகளை நம் சினிமாவில் வேண்டிய அளவு பார்த்துவிட்டோம். எனக்கு இவள்தான் நெருக்கம்.

வெறும் நடிப்பாக மட்டும் அது வரவில்லை என்றும் நினைக்கிறேன். அந்தத் தொடர் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் மேரி டைலர் மூருக்குச் சர்க்கரை நோய், முதல் வகை, இன்சுலின் போட்டே ஆகவேண்டியது, இருப்பது தெரிந்தது. ஊசியோடுதான் அத்தனை வருஷமும் நடித்தார். பின்னால் குழந்தைகள் சர்க்கரை நோய் ஆராய்ச்சி அமைப்புக்கு முகமாக இருந்து பணம் திரட்டினார். 2017 ஜனவரியில் 80 வயதில் இறந்தார்.

கார்டி விஷயத்தில் நீ இறங்க வேண்டாம். நீ சொல்வது சரி.


வடகடல் எழுதியது:

அம்மாவுக்கு ரோடாவைத்தான் பிடித்திருக்கிறது. கடையில் கண்ணாடி அலமாரிக்குப் பொம்மை அலங்காரம் செய்கிறவள், வாய் கொஞ்சம் அதிகம், அவள் அம்மா நியூயார்க்கிலிருந்து வந்து குற்ற உணர்ச்சியை ஏற்றி ஏற்றிப் பேசுகிற இடத்தில் என் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் மொழிபெயர்க்காமலே புரிந்துவிட்டது. அவளுக்கு மட்டும் ஏன் கல்யாணம் பண்ணிவைத்தார்கள் என்று இப்போதே வருத்தப்படுகிறார்.

அண்ணே, இது முடிந்தபிறகு லூ கிராண்டுக்கென்று தனித் தொடர் இருக்கிறதாமே, அதையும் இதே மாதிரி அம்மாவோடு பார்க்கலாமா?


தொண்டிக்காரன் எழுதியது:

பார்க்கலாம், ஆனால் சிரிப்பை எதிர்பார்க்காதீர்கள். 1977-ல் வந்தது, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பத்திரிகை அலுவலகம், கனமான விஷயங்கள். நகைச்சுவைத் தொடரில் இருந்த ஒரு ஆளைத் தூக்கி அப்படியே சீரியஸ் நாடகத்தில் வைத்து ஜெயித்தார்கள். அதில் மேரி வரமாட்டாள். அம்மாவுக்கு நீங்கள் மொழிபெயர்க்க நிறைய இருக்கும், அதனால் முதலில் இந்த ஏழையும் முடியுங்கள், நாலாவது சீசனில் பெட்டி வைட் வருகிறார், சமையல் நிகழ்ச்சி நடத்துகிற சூ ஆன், அவரை அம்மா விடமாட்டார்.